அரிசி டின்னுக்குள் வைத்த முட்டை

மதிப்பிற்குரிய செங்கம்மாள் அத்தை அவர்களுக்கு, டெல்லி மயூர் விஹாரிலிருந்து உங்கள் தம்பி மகள் மேகலா வணக்கத்துடன் எழுதுவது.

நான் வேலை செய்யும் பட்டு மாமி வீட்டுச் சமையலறையில் அன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது அரிசி டின்னின் மூடி. அது டின்னின் மேல் இல்லை, ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. அந்த மூடியைத் திறப்பவளும் நான்தான், மூடுபவளும் நான்தான். மாமிக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த டின் பக்கம் வேறு யாரும் போவதில்லை. மூடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் டின்னுக்குள் என் முட்டை இருந்தது.

முறைப்படி முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பதற்றத்தில் மறந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், மாமாவின் இருமல் நின்றிருக்கும், செவலைப் பசு நல்லபடியாகக் கன்று போட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சௌக்கியம். ஃபோனில் நீங்கள் "முட்டை என்னாடி சொல்லிச்சு?" என்று கேட்டபோது நான் "ம்" என்றேன். "ம்முன்னா என்னாடி அர்த்தம், வாயில என்ன வெச்சிருக்க?" என்று கேட்டீர்கள். அதற்கும் நான் "ம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன், அம்மா பிறகு சொன்னாள். எனக்கு ஃபோனில் பேச வராது அத்தை, நேரிலும் வராது. எழுத வரும். எழுதும்போது இன்னொரு வசதி, நடுவில் நீங்கள் பேச முடியாது. இதை நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். பால் சொசைட்டியில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்.

எல்லாம் உங்கள் ஃபோனில் ஆரம்பித்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள், ஹாஸ்டல் இருக்கிறது, வேளாவேளைக்குச் சோறு, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்கள், அனுப்பி வை என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். அதே வாரத்தில் பட்டு மாமியின் மகள் ஷ்ரேயா அக்கா என்னைக் கூப்பிட்டு, அவருடைய சிநேகிதி நொய்டாவில் கேக் செய்யும் கிச்சன் வைத்திருக்கிறாள், வேலை கற்றுக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம் என்று சொல்லி ஃபோனில் படம் காட்டினார். நீளமான ஸ்டீல் மேஜை, வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள், அதில் ஒருத்தி கேக்கின் மேல் க்ரீமால் ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூவின் இதழ் ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது, அதை அவள் சரிசெய்வாளா, அப்படியே விடுவாளா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஷ்ரேயா அக்கா "போறியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று அவருக்குப் புரியவில்லை. ஆட்டி முடித்த பிறகு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவர் அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா வழக்கம்போல "ஊர்ல அக்கா என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

நீங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தீர்கள். சிவப்புப் பூ வந்தது, திருப்பூர்தான் என்று சொன்னீர்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் காலனி மாரியம்மன் கோயிலிலும் அதே மாதிரி ஒரு பொட்டலத்தில் சிவப்பும் ஒரு பொட்டலத்தில் வெள்ளையும் கட்டிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தது, டெல்லிதான் என்று ஆகிவிட்டது. "ரெண்டு ஆத்தாளும் அக்கா தங்கச்சிதானே, ஒரு ஃபோன் போட்டுப் பேசி வெச்சுக்கக் கூடாதா?" என்று அப்பா சொல்லப்போய் அம்மா அன்று அவருக்குக் குழம்பு ஊற்றவில்லை, வெறும் ரசம்தான். பிறகு புதன்கிழமைச் சந்தையில் ஒரு கிளிக்காரனிடம் போனோம். அவன் ஹிந்திக்காரன், கிளியும் ஹிந்திக் கிளி. அது நடந்து வந்து ஒரு சீட்டை இழுத்துப் போட்டது. "விதேஷ் யாத்ரா, பஹன்ஜி!" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான், வெளிநாட்டுப் பயணமாம். "திருப்பூர் வெளிநாடா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். "நம்ம போற எடம் எல்லாமே வெளிநாடுதான் பவுனு, டெல்லி மட்டும் என்ன?" என்றார் அப்பா. கிளி அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கூண்டுக்குள் போய்விட்டது. இப்படி எல்லோரிடமும் கேட்டுப் பார்த்த பிறகுதான் அம்மா ஜம்பு அண்ணனிடம் போனாள்.

ஜம்பு அண்ணன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வாரம் முழுக்க இ-ரிக்ஷா ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை முட்டை பார்ப்பார். காணாமல் போன செல்ஃபோன், பதில் சொல்லாத மாப்பிள்ளை வீடு, விடாத காய்ச்சல் எல்லாவற்றுக்கும் முட்டைதான். யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் தலையை முட்டையால் சுற்றி, பித்தளைத் தட்டில் தண்ணீர் வைத்து அதில் உடைப்பார். மஞ்சள் கரு எந்தப் பக்கம் போகிறது, வெள்ளைக்கரு எப்படி நூல் விடுகிறது என்று பார்த்துச் சொல்வார். அம்மா கடையிலிருந்து ஒரு முட்டை வாங்கிக்கொண்டு போனாள். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"இது ஃபாரம் முட்டை, ஆவாதும்மா."

"ஏன் ஜம்பு, முட்டைன்னா முட்டைதானே?"

"இது சேவல் மூஞ்சியையே பாக்காத கோழி போட்டது. தன் அப்பன் யாருன்னே அதுக்குத் தெரியாது. அது எப்படி அடுத்தவங்க தலையெழுத்தச் சொல்லும்?"

அம்மா மறுநாள் பெரிய கடைக்குப் போய், நாட்டு முட்டை என்று அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிற பழுப்பு முட்டையை வாங்கி வந்தாள். ஜம்பு அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்ன ஃபாரம் முட்டை" என்று சொல்லிவிட்டார். கடைசியில் யமுனைக் கரையில் காய்கறி போடுகிறவர்களிடம் போனோம். அவர்கள் குடிசையைச் சுற்றிக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் அம்மா விடவில்லை. "முர்கா கஹான் ஹை?" என்றாள், சேவல் எங்கே என்று. அந்த வீட்டுக்காரர் குழம்பிப்போய், "அண்டா சாஹியே யா முர்கா?" என்றார், முட்டை வேண்டுமா சேவல் வேண்டுமா என்று. "அண்டாதான். லேகின் முர்கா திகாவோ" என்றாள் அம்மா. அவர் ஒரு சேவலைப் பிடித்து வந்து காட்டினார். அம்மா பெண் பார்க்க வந்தவர்களைப் போல அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திருப்தியாக ஒரே ஒரு முட்டை வாங்கினாள்.

ஜம்பு அண்ணன் அந்த முட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கண்மையால் மூன்று பொட்டு இட்டார். ஞாயிறு வரைக்கும் அது பெண்ணின் கை புழங்குகிற இடத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அவளுடைய விஷயம் அதற்குத் தெரியும் என்றார். "பகல் பூரா பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"பட்டு மாமி வீட்டுல, சமையலுக்கு ஒத்தாசை."

"அப்ப முட்டையும் அங்கதான் இருக்கணும்."

"ஐயோ ஜம்பு, அவங்க ஐயருங்க! முட்டைன்னு காதுல விழுந்தாலே வாயக் கொப்புளிப்பாங்க."

"முட்டை வாயத் தொறக்காதும்மா. உன் பொண்ணும் தொறக்க மாட்டா. அப்புறம் எப்படித் தெரியும்?"

இது நியாயமாகத்தான் இருந்தது. அன்று ஏகாதசி. அம்மா முட்டையைத் துணியில் சுற்றி என் துப்பட்டா முனையில் முடிந்துவிட்டாள். வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றிலும் நான் ரிக்ஷாவில் உட்காராமல் எழுந்து எழுந்து நின்றதைப் பார்த்து, எதிரே இருந்த அம்மாள் எனக்கு ஏதோ கட்டி என்று நினைத்து ஒரு மருந்தின் பெயர் சொன்னாள். மாமி வீட்டில் அதை எங்கே வைப்பது? ஃப்ரிஜ்ஜைப் பகலில் எல்லோரும் திறப்பார்கள். பூஜை அலமாரியை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அரிசி டின்தான் தோதாக இருந்தது. மெத்தென்று இருக்கும், உடையாது, ஏகாதசி அன்று அந்த வீட்டில் அரிசி வைக்க மாட்டார்கள், மற்ற நாளில் அளப்பது நான்தான். ஆகவே அரிசிக்குள் ஒரு குழி பறித்து வைத்து, மேலே மூடிவிட்டு வந்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன் அத்தை. புறாவை மட்டும் யோசிக்கவில்லை.

மாமியின் வீட்டுக்காரர் பத்மநாபன் சார் மத்திய சர்க்காரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பால்கனிப் புறாக்களுக்குக் கம்பு போடுவார். மறுநாள் காலை கம்பு தீர்ந்துவிட்டது. அரிசி போடலாம் என்று அவரே டின்னைத் திறந்து கையை விட்டிருக்கிறார். நான் சமையலறை வாசலில் நின்று மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஹாலில் சத்தம் கேட்டது.

"எலுமிச்சம்பழம்னு நெனச்சேன் பட்டு. சின்னதா உருண்டையா இருந்தது."

"எலுமிச்சம்பழமா? நன்னா பாருங்கோ! மஞ்சள் இருக்கு, குங்குமம் இருக்கு, மை இருக்கு! யாரோ செஞ்சு வெச்சுட்டான்னா! ஈஸ்வரா, அரிசியிலயே கைய வெச்சுட்டாளே!"

"மூணு பொட்டு வெச்சிருக்கு."

"நாம மூணு பேர்!"

உள் அறையிலிருந்து ஷ்ரேயா அக்கா காதில் ஹெட்ஃபோனுடன் எட்டிப் பார்த்து, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், ப்ளீஸ் மெதுவா கத்து" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். முட்டை சாப்பாட்டு மேஜையில், ஒரு கிண்ணத்துக்குள், செய்தித்தாள் மேல் உட்கார்ந்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும் அது எழுந்து வந்துவிடும் என்பது போலத் தள்ளி நின்றார்கள். அது என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். மாமி என்னைப் பார்த்ததும், "பாவம், கொழந்த வெலவெலத்துப் போயிடுத்து. நீ அதப் பாக்காதேடீம்மா, இந்தா, தண்ணி குடி" என்று டம்ளரை என் வாயில் வைத்துவிட்டார். குடித்து முடிப்பதற்குள் சார் வைத்தி சாஸ்திரிகளுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

சாஸ்திரிகள் ஸ்கூட்டரில் ஜல்தியாக வந்து சேர்ந்தார். முட்டையைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையிலிருந்து சோழிகளை எடுத்து மேஜையில் உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல நான் கழுவிய டபராவையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வெளி ஆசாமிதான். ஆனா இந்த வீட்டுக்குப் புதுசு இல்ல. தெனம் இந்தப் படியில ஏறி எறங்கற ஆசாமி."

"யாரு? யாரு?" என்றார் மாமி.

"பேச்சு கம்மி. ரொம்ப கம்மி. எதுத்தாப்பல வந்தாக்கூட தலையக் குனிஞ்சுண்டு போயிடும்."

இந்தச் சமயத்தில் நான் அவருக்குக் காபி கொண்டுபோய் நீட்டினேன். அவர் என் கையிலிருந்து டபராவை வாங்கிக்கொண்டு, "இப்பக்கூட அந்த ஆசாமி ரொம்பக் கிட்டக்க இருக்கு" என்று சொல்லி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதும் என்று என்னிடம் சைகை காட்டினார். சாரும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

"சோப்ரா!" என்றார் சார்.

மேல் மாடியில் சோப்ரா ஜி என்று ஒருவர் இருக்கிறார். கார் நிறுத்துகிற இடத்துக்காக சாரோடு சண்டை போட்டு, அன்றிலிருந்து பேச்சு கிடையாது. தினமும் படியேறி இறங்குவார், எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். எல்லாம் பொருந்தியது. அவர் பூட்டிய வீட்டுக்குள் எப்படி வந்தார், அரிசி டின் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும், சப்பாத்தி சாப்பிடுகிறவர் ஏன் அரிசியில் வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

பரிகாரம் சாஸ்திரிகளே சொன்னார். வீட்டு மனுஷா தொடக் கூடாது, வெளி மனுஷா யாராவது கொண்டுபோய் முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்துவிட்டது. முட்டையை வாங்கிக்கொண்டு நேராகக் காலனிக்கு ஓடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு அது பத்திரமாக இருக்கும், மாமி வீட்டிலும் தோஷம் போனதாக நிம்மதி. நான் கிண்ணத்தோடு படியிறங்கினேன். பின்னாலேயே சார் இறங்கினார். அவர் பின்னால் மாமி, அவர் பின்னால் சாஸ்திரிகள். மீட்டிங் முடிந்து ஷ்ரேயா அக்காவும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். இப்படி ஊர்வலமாகக் கேட்டுக்கு வெளியே உள்ள முச்சந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே சோப்ரா ஜி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்ன நடக்கிறது என்று சாஸ்திரிகளைப் பார்த்து, "க்யா ஹோ ரஹா ஹை, பண்டிட்ஜி?" என்றார்.

"உங்களுக்கே தெரியும்" என்று சார் தமிழில் சொன்னார். அது அவருக்குப் புரியாமல், "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். அதைக் கேட்டு மாமி சாஸ்திரிகளிடம், "பாத்தேளா, ஒத்துக்கறார்" என்றார்.

நான் முட்டையைக் கையில் எடுத்தேன். உடைத்தால் என் விஷயம் போய்விடும், உடைக்காவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். "போடு, கொழந்தே, ஓங்கிப் போடு" என்றார் சாஸ்திரிகள். நான் கையைத் தூக்கினேன். அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, ஷ்ரேயா அக்காவின் வீடியோவில் பார்த்தால் தெரியும். அந்த நேரம் பார்த்து ஜம்பு அண்ணனின் இ-ரிக்ஷா திரும்பியது. உள்ளே, பக்கத்து பிளாக்கில் வேலை முடித்துவிட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அடியே மேகலா! அது உன் முட்டைடீ! போட்டுடாதடீ!"

இத்தனை பேர் நடுவில் என் பெயரை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டால் எனக்குக் கையில் எதுவும் நிற்காது. முட்டை விழுந்துவிட்டது.

எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பிறகு மாமி மெதுவாக, "உன் முட்டையா?" என்றார். "ஆமாம் மாமி" என்றேன். நான் சொன்னது என் பக்கத்தில் நின்ற சோப்ரா ஜிக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், அவருக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளையாக அம்மா ரிக்ஷாவிலிருந்து குதித்து இறங்கி, உங்கள் ஃபோன், கேக் கடை, பூ, கிளி, சேவல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஜம்பு, வேடிக்கையா பாக்கற? ஓடிப் போறதுக்குள்ள முட்டையப் பாரு!" என்றாள்.

"தட்டுல ஒடைக்கணும் பவுனக்கா. ரோட்டுல ஒடைச்சத நான் பாத்ததில்ல."

"இன்னிக்குப் பாரு."

ஜம்பு அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் வைத்தி சாஸ்திரிகளும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மஞ்சள் கரு உடைந்து நிதானமாக ஓட ஆரம்பித்தது.

"தெக்கால போவுது" என்றார் ஜம்பு அண்ணன்.

"தெற்கு. யமன் திக்கு. பேஷ், தோஷம் வெலகிடுத்து" என்றார் சாஸ்திரிகள்.

"ஐயரே, அது தோஷம் இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு."

"யாரா இருந்தாலும் தெற்கேதானே போறது? அப்ப சரி."

இதற்குள் தெரு நாய் ஒன்று வந்து மஞ்சள் கருவை நக்க ஆரம்பித்தது. அம்மா பதறிப்போய், "நாய் நக்குனா என்னா அர்த்தம் ஜம்பு?" என்றாள். "நாய்க்குப் பசின்னு அர்த்தம்" என்றார் அவர்.

செய்வினை இல்லை என்று தெரிந்ததில் மாமிக்கு வந்த சந்தோஷம், முட்டை வீட்டுக்குள் வந்த கோபத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் திட்டவில்லை. ஆனால் டின்னோடு அரிசியை எங்களுக்கே கொடுத்துவிட்டார், இனிமேல் நான் அடுப்பு வேலைக்கு வேண்டாம், பெருக்கித் துடைத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். சார் சோப்ரா ஜியிடம் முழுக் கதையையும் ஹிந்தியில் விளக்க வேண்டி வந்தது. சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அத்தை, நடந்தது இவ்வளவுதான். முட்டை தெற்கே போனது, ஆகவே திருப்பூர். அம்மா அன்று மாலையே உங்களிடம் சொல்லிவிட்டாள், அப்பா டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அந்த முச்சந்தியில் எதைக் கொட்டினாலும் தெற்கேதான் ஓடும், சாக்கடை அந்தப் பக்கம் இருக்கிறது. கேட்டில் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. ஷ்ரேயா அக்கா மட்டும் ஒரு தடவை, "ஆக, நீ போகப்போறே" என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுகிறேன். சென்ட்ரலுக்கு யாரையாவது அனுப்பி வையுங்கள், ஸ்டேஷனில் நானாக யாரிடமும் வழி கேட்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாமாவுக்கு என் வணக்கத்தையும் செவலைக்கு ஒரு தடவலையும் சொல்லுங்கள். உங்கள் கை என் தலைமேல் எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி மகள்,
மேகலா

பின்குறிப்பு: சென்ட்ரலுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது. முட்டை பற்றியது எல்லாம் நடந்ததுதான், நான் வருவதாக எழுதியது மட்டும் இல்லை. போன வாரம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் மாமி வீட்டில் தரை துடைக்கப் போனேன். ஷ்ரேயா அக்கா மீட்டிங்கில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். வழக்கமாக அந்த ஒரு நிமிஷத்தில் நான் போய்விடுவேன். அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றியதும், "எனக்கு அந்த கேக் வேலை வேணும், திருப்பூர் வேணாம்" என்று சொன்னேன். சொன்ன சத்தத்தில் மாமி உள்ளேயிருந்து "யாருடீ அது புதுக் குரல்?" என்று கேட்டார். வீட்டிலும் அதையே சொன்னேன். அப்பா அக்கா என்ன சொல்லுது என்று கேட்டார், எனக்கு வேணும் அப்பா என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்யப் போய்விட்டார். முட்டை சொன்ன பிறகு எப்படி மாற்றுவது என்று அம்மாதான் அழுதாள். ஜம்பு அண்ணன் வந்து, நொய்டா நம் காலனிக்குத் தெற்கேதானே இருக்கிறது, முட்டை முதலிலேயே சரியாகத்தான் சொன்னது, நீதான் அவசரப்பட்டு திருப்பூர் வரை போய்விட்டாய் என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் எனக்கே ஃபோன் செய்யுங்கள், பேசுகிறேன்.

இன்று கிச்சனில் முதல் நாள். வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். பூ வைக்கிற வேலை எல்லாம் பிறகுதானாம், முதலில் முட்டை உடைக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்கு ட்ரே ட்ரேயாக அடுக்கியிருந்தது, எல்லாம் ஃபாரம் முட்டை. உடைத்துக்கொண்டே போனபோது ஒன்றில் இரண்டு மஞ்சள் கரு இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "அரே, டபுள்வாலா! இஸ்கா மத்லப் க்யா ஹோதா ஹை?" என்றாள், இதற்கு என்ன அர்த்தம் என்று. தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை மற்றவற்றோடு சேர்த்து அடித்துவிட்டு அடுத்த முட்டையை எடுத்தேன்.